போர்டில் காலியாக விட்ட இடம்

முப்பத்திரண்டாவது வயதில் ஓய்வு பெற்றேன். வீட்டில் இதை வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அரசுப் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர் பணிக்கான ஆணை வந்த அன்று, அம்மா பக்கத்து வீடுகளுக்கு இனிப்பு கொடுத்து, "பொண்ணுக்கு வேலை கெடச்சிடுச்சு" என்றார். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகள் நான் காலையில் எங்கே கிளம்பிப் போனேன் என்று யாரும் கேட்கவில்லை. மாடுலர் சிந்தசைசர் செய்யப் போனேன். ஒருமுறை மாமாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன்.

"கீபோர்டு மாதிரியா?" என்றார்.

"கீபோர்டு இருக்காது மாமா."

"அப்ப எத்த வாசிப்பாங்க?"

"ஒயருங்கள மாத்தி மாத்திச் சொருகுவாங்க."

மாமா, அரசு ஆசிரியர் வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எப்போது என்று கேட்டார். அந்தக் கேள்வியின் முடிவில்தான் இப்போது பாலிடெக்னிக்கில் இருக்கிறேன்.

இங்கே மாணவர்கள் சிலருக்கு என் பழைய தொழில் தெரிந்துவிட்டது. ஆய்வக நேரம் முடிந்ததும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, "மேடம், மாடுலர் எப்படி ஆரம்பிக்கிறது?" என்கிறார்கள். இப்போதெல்லாம் பாகங்கள் எல்லாம் பற்றவைத்த சர்க்யூட் போர்டாகவே வாங்க முடிகிறது. முன்பக்கத் தகடான பேனலை மாட்டித் திருகாணியை முடுக்கினால் போதும். அப்படி வாங்கிய ஒருவன், "மேடம், இது நான் செஞ்சது" என்று காட்டினான். முடுக்கியது நன்றாக இருப்பதாகச் சொன்னேன். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஆர்மோனியம் ஒரே பெட்டி. காற்று, சத்தம், சுருதி எல்லாம் உள்ளேயே நடந்துவிடும். மாடுலரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. சத்தத்தைப் பிறப்பிக்க ஒன்று, அதன் கூர்மையைக் குறைக்க ஒன்று, திறந்து மூட ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒயர் போட்டு நாமே இணைக்க வேண்டும். இணைப்பை மாற்றினால் வாத்தியமே மாறிவிடும். சத்தமே வராமலும் போகலாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் அதுதான் நடக்கும்.

முதலில் வாங்க வேண்டியது, வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர். இரண்டாவது, ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க, சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சால்டரிங் அயர்ன். மூன்றாவது பவர் சப்ளை. இதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், வாங்குங்கள். முதல் பெட்டியாக, சத்தம் போடாத ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். உள்ளே வருவதை நான்காகப் பிரித்து வெளியே அனுப்புகிற பெட்டி நல்லது. அதில் தவறு செய்ய அதிக இடமில்லை. எல்லோரும் ஆசிலேட்டரில்தான் ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள், அதுதான் சத்தம் போடும் என்பதால். ஆசிலேட்டர் என்ன செய்யும் என்று பிறகு சொல்கிறேன்.

நான் கற்றது திருவண்ணாமலையில் ஒரு மைக் செட் கடையின் மாடியில். கீழே பெரிய பாய் மைக் செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவார். அவருடைய மகன் நசீர் பாய் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மாடியில் மாடுலர் பெட்டிகள் செய்து வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். நான் இ.சி.இ. முடித்திருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் வேறு எந்த எலக்ட்ரானிக்ஸ் வேலையும் இல்லை. இருவருக்கும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டோம்.

நேர்முகத் தேர்வு என்று ஒன்று நடந்தது. ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட தட்டையான ரிப்பன் கேபிளைக் கொடுத்து, "இதுல பிளஸ் எதுங்க?" என்றார். சிவப்பைக் காட்டினேன்.

"கீழ எங்கப்பாவும் அதான் சொல்வார்" என்றார். "நாளைலேருந்து வாங்க."

மாடுலரில் அந்தச் சிவப்புக் கோடு மைனஸ் பன்னிரண்டு வோல்ட். யார் அப்படி முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. கீழே சிவப்பு என்றால் பிளஸ், மாடியில் சிவப்பு என்றால் மைனஸ். படிக்கட்டு ஏறும்போது மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் நான் கற்றதில் பாதி இதுதான். மீதிப் பாதி, பௌர்ணமியன்று எதையும் காதால் கேட்டுச் சோதிக்கக்கூடாது என்பது. அன்று ஊரில் உள்ள ஸ்பீக்கர்கள் எல்லாம் ஓடும், அவற்றில் பாதி எங்கள் கடையிலிருந்து போனவை. கரண்ட்டிலேயே ஒரு உறுமல் வந்துவிடும். பௌர்ணமியன்று திருகாணி எண்ணுவோம்.

நசீர் பாய் திட்ட மாட்டார். அவர் திட்டினால் தேவலை என்று தோன்றியதுண்டு. ஒரு பெட்டியைச் செய்து முடித்து அவர் மேசையில் வைத்தால், ஒயரைச் சொருகிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சரியாக இருந்தால், "ஓடுது" என்பார். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பிரியாணி எப்படி என்று பந்தியில் வந்து கேட்டார். "ஓடுது பாய்" என்றார், எங்களோடு மாடியில் வேலை பார்த்த தேவகி அக்கா. பாய் அதை நியாயமான பதிலாகவே எடுத்துக்கொண்டார்.

தேவகி அக்கா அடி அண்ணாமலைக்காரர். போர்டுகளில் பாகங்களைப் பற்றவைப்பது அவர் வேலை. முன்பு சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், ஹாஸ்டலில் தங்கி இதே வேலையைச் செய்தவர். மகளை அம்மா வீட்டில் விட்டிருந்தார். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது அந்தக் குழந்தை இவரை, "ஆன்ட்டி" என்றதாம். அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். இதை அவர் சொன்னது ஒரே ஒருமுறைதான், அதுவும் சால்டரிங் செய்தபடியே.

இனி அந்த ஆசிலேட்டர்.

அது என் வடிவமைப்பு. ஆசிலேட்டரின் உள்ளே ஒரு கெபாசிட்டர் இருக்கும். அதை ஒரு குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் அதில் சொட்டும். குடம் நிறைந்ததும் சட்டென்று கவிழ்ந்து காலியாகும், மறுபடி நிறையும். இந்த நிறைவதும் கவிழ்வதும்தான் சத்தம். வேகமாகச் சொட்டினால் மேல் சுருதி, மெதுவாகச் சொட்டினால் கீழ் சுருதி. குடத்தில் மெல்லிய விரிசல் இருந்தால், வேகமாகச் சொட்டும்போது தெரியாது. மெதுவாகச் சொட்டும்போது, வருவதில் ஒரு பங்கு ஒழுகிப்போய்ச் சுருதி இறங்கும். அதனால் போர்டின் பின்பக்கத்தில், கெபாசிட்டரின் கால்கள் வெளியே தெரிகிற இடத்தைச் சுற்றி விரலகலம் எதையும் வரையாமல் விட்டிருந்தேன். வேறு எந்தப் பாதையும் அந்தப் பக்கம் வராது. என் வடிவமைப்பிலேயே எனக்கு அதிகம் பிடித்த இடம், ஒன்றுமே இல்லாத அந்த இடம்தான்.

வெளிநாட்டில் ஒரு கடைக்காரர் ஆறு பெட்டிகளை மாதிரிக்குக் கேட்டிருந்தார். சுருதி மாறாமல் நின்றால் தொடர்ந்து வாங்குவதாகச் சொல்லியிருந்தார். ஆறும் ஆயுதபூஜைக்கு முன்பே முடிந்தன. சோதித்தோம், நின்றது. நசீர் பாய் முதுகைக் காட்டி நின்று, "ஓடுது" என்றார். பேனல்கள் அச்சாகி வரவேண்டியிருந்ததால் போர்டுகளை மேசையிலேயே வைத்திருந்தோம்.

அந்த ஆண்டு ஆயுதபூஜைக்கு நானும் தேவகி அக்காவும் வரவில்லை. வழக்கமாகத் தேவகி அக்காதான் சால்டரிங் அயர்னுக்கும் மல்டிமீட்டருக்கும் பொட்டு வைப்பார். நசீர் பாய் பொரியும் கடலையும் வாங்கி வருவார். அந்த முறை அக்கா வீட்டில் பங்காளி வகையில் ஒரு சாவு, தீட்டு. நான் கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் டிராக்டருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், மாடியில் எல்லாக் கருவிகளிலும் சந்தனம் காய்ந்திருந்தது. எங்கள் இருவர் மேசையிலும் பொரி, கடலை, ஒரு வாழைப்பழம்.

"யார் பாய் வெச்சது?" என்றார் தேவகி அக்கா.

"நீங்க வரலைனு மேசைங்க சும்மா கெடக்கணுமா?" என்றார் நசீர் பாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வாழைப்பழத்தைச் சாப்பிட்டோம்.

பேனல்கள் வந்து மாட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை சோதித்தபோது ஆறு பெட்டிகளும் சுருதி இறங்கின. மேல் சுருதி சரியாக இருந்தது. கீழே வரவர இறக்கம் அதிகமானது. வெயில் அடித்த அன்று சரியானது. மறுநாள் மழை, மறுபடி இறக்கம். நசீர் பாய் ஆறையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். மேசை முழுவதும் கவிழ்ந்த பெட்டிகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குடத்தில் விரிசல் என்பது தெரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. சந்தேகப்பட வேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தேன், அது இல்லை. கெபாசிட்டரை மாற்றிப் பார்த்தேன். மாற்றுவதற்காகப் பழையதைக் கழற்றி, அந்த இடத்தை ஆல்கஹால் போட்டு நன்றாகத் துடைத்துவிட்டுப் புதியதை வைத்தேன். சரியாகிவிட்டது. பழைய கெபாசிட்டரையே திரும்ப வைத்தேன். அப்போதும் சரியாக இருந்தது. அப்படியானால் காரணம் கெபாசிட்டர் அல்ல, நான் துடைத்தது. பற்றவைக்கும்போது ஈயம் நன்றாகப் பிடிக்க ஃபிளக்ஸ் என்று ஒரு பசை தடவுவோம். அது காய்ந்தால் மஞ்சளாக ஒட்டியிருக்கும். மற்ற ஐந்து போர்டுகளிலும் அந்த இடம் லேசான மஞ்சளாகத்தான் இருந்தது.

நசீர் பாயிடம் சொன்னேன். சொல்லும்போதே அது தேவகி அக்காவின் வேலையில் போய் முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியாது.

அவர் கவிழ்ந்திருந்த பெட்டிகளை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "சென்னைல ஒருத்தர் போர்டு அசெம்பிள் பண்ணித் தர்றாரு. கழுவுற மெஷினே வெச்சிருக்காரு" என்றார். "கார்த்திகை தீபக் கூட்டம் ஆரம்பிச்சிட்டா கூரியர் வண்டி ஊருக்குள்ள வராதுங்க. அதுக்குள்ள எதாவது ஒண்ணு முடிவு பண்ணணும்."

தேவகி அக்கா அயர்னை ஸ்டாண்டில் வைத்தார். "என்னா முடிவு பாய்?"

"அக்கா, உங்க மேல தப்புனு சொல்லல."

"தப்பு இல்லாதவங்களத்தான் அனுப்புவீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு ரேவதி. என் ஃபிளக்ஸ்தான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"துடைச்சா சரியாவுதுக்கா."

"மூஞ்சி கழுவுனாக்கூடத்தான் தூக்கம் போவுது. மூஞ்சியில அழுக்கு இருந்துச்சுனு அர்த்தமா? புதுசா ஒரு போர்டு குடு."

நியாயமான கேள்வி. நான் செய்திருக்க வேண்டிய சோதனையும் அதுதான். புதிய போர்டு ஒன்றைக் கொடுத்தேன். அக்கா அதில் வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே ஃபிளக்ஸ் தடவிப் பற்றவைத்தார். துடைக்கவில்லை. அதைக் குளியலறைக்குக் கொண்டுபோய், வெந்நீர் வாளிக்கு மேலே கொடியில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினோம். பெரிய பாய் கீழிருந்து குரல் கொடுத்தார்: "மாடியில யாருப்பா குளிக்கிறது?"

"போர்டு, அத்தா" என்றார் நசீர் பாய்.

பெரிய பாய் கீழே தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

நனைந்த போர்டை எடுத்துவந்து டியூனரோடு இணைத்தேன். சுருதி முள் அசையவில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவே இல்லை.

"அப்ப ஃபிளக்ஸ் இல்ல" என்றேன்.

"அப்ப எதைத் தொடச்ச?" என்றார் அக்கா.

துடைக்காத ஐந்தில் ஒன்றை எடுத்து, காய்ந்தால் சுருதி ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக ஹேர் டிரையரைக் காட்டினேன். முள் மெல்ல ஏறியது. கூடவே நல்ல வாசனை வந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் சந்தன வாசனை வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவில் வரும், பஸ்ஸில் வரும், பேங்க்கில் வரும். கொஞ்ச நேரம் கழித்துத்தான், மாடியில் யாரும் ஊதுபத்தி ஏற்றவில்லையே என்று தோன்றியது. டிரையரை நிறுத்தினேன், வாசனை குறைந்தது. மறுபடி போட்டேன், வந்தது. போர்டை மூக்கருகே கொண்டுபோனேன். ஃபிளக்ஸ் ஊசியிலை மரப் பிசின் வாசனை அடிக்கும். இது கோயில் பிரசாதக் கடை வாசனை அடித்தது.

"பாய்" என்றேன். "ஆயுதபூஜை அன்னிக்குச் சந்தனம் எதுக்கெல்லாம் வெச்சீங்க?"

சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "எல்லாத்துக்கும்தான்."

"போர்டுக்கும்?"

"அதுங்கதான முக்கியம். வெளிநாட்டுக்குப் போறதுங்க."

"எங்க வெச்சீங்க?"

அவர் வந்து ஒரு பெட்டியை எடுத்து, பின்பக்கத்தைப் பார்த்தார். விரலை நேராக அந்த இடத்தில் வைத்தார். "முன்னாடி பாகத்து மேல பட்டுடப் போவுதுனு பின்னாடி வெச்சேன். அப்புறம் கஸ்டமர் கேப்பாங்களேனு மறுநாள் ஈரத்துணியால தொடச்சிட்டேன்."

"ஏன் பாய் சரியா அங்க?"

"காலியா இருந்துச்சு."

"அது காலியா இல்ல பாய். காலியா விட்டது."

சந்தனத்தை எதில் குழைத்தார் என்று கேட்டேன். குழாய்த் தண்ணீர், அதாவது போர் தண்ணீர். எங்கள் பகுதி போர் தண்ணீரில் டீ போட்டால்கூட உப்புத் தெரியும். அந்த உப்புச் சந்தனத்தோடு காய்ந்து, ஈரத்துணி பட்டுப் பரவி, மழை வந்ததும் காற்றில் இருந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு, கெபாசிட்டரின் காலுக்கும், 'தரை' என்று நாங்கள் சொல்கிற எர்த்துக்கும் நடுவே பாலம் போட்டிருந்தது. ஆறிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில். நசீர் பாய் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

அவர் கையிலிருந்த பெட்டியை மேசையில் கவிழ்த்து வைத்தார். அந்த முறை அது யாருக்கு என்பதில் சந்தேகமில்லை.

தேவகி அக்கா அயர்னைக் கையில் எடுத்தார். "எங்க சாமிய சந்தோஷப்படுத்தறேன்னு என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பப் பாத்தீங்களே பாய்" என்றார்.

"தெரியலக்கா."

"பொட்டு வெக்கக் கத்துக் குடுக்கிறேன். போர்டு கழுவவும் நானே கத்துக்கிறேன். சென்னைக்காரருக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லுங்க."

நசீர் பாய் அங்கேயே நின்று போன் செய்தார். ஐந்து போர்டுகளையும் அக்கா கழுவினார், நான் சோதித்தேன். கூரியர் வண்டி ஊருக்குள் வந்துகொண்டிருந்தபோதே பெட்டிகள் கிளம்பிவிட்டன. சுருதி நிற்பதாகக் கடைக்காரர் எழுதினார். பெட்டியைத் திறந்ததும் நல்ல வாசனை வந்தது, என்ன பேக்கிங் அட்டை பயன்படுத்துகிறீர்கள் என்றும் கேட்டிருந்தார்.

அடுத்த வடிவமைப்பில் போர்டின் மூலையில் ஒரு சின்ன வட்டம் வரைந்தேன். அதன் அடியில் தரையோடு சேர்ந்த செம்பு மட்டும்தான். சந்தனம் என்ன, போர் தண்ணீரே ஊற்றினாலும் அங்கே ஒழுகிப்போக ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு ஆயுதபூஜைக்கு மூவரும் வந்திருந்தோம். தேவகி அக்கா ஒவ்வொரு போர்டிலும் வட்டத்துக்குள் மட்டும் பொட்டு வைத்தார். நான் ஒன்றை டியூனரோடு இணைத்தேன். நசீர் பாய் பொரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

"ஓடுது" என்றார்.

அதற்குப் பிறகு மாடியிலிருந்து போன எல்லாப் போர்டுகளிலும் அந்த வட்டம் உண்டு. வாங்கியவர்களில் சிலர் அது எதற்கு என்று எழுதிக் கேட்பார்கள். அந்த இடம் ஒதுக்கப்பட்டது என்று நசீர் பாய் பதில் அனுப்புவார். தேவகி அக்கா இப்போதும் அங்கேதான் இருக்கிறார். பக்கத்தில் நான் விட்டுவந்த நாற்காலியில் யாரைப் போடுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

சென்ற வாரம் ஒரு மாணவி தானே வரைந்த போர்டைக் கொண்டுவந்தாள். பொறுப்பான வேலை. ஆசிலேட்டரில் ஆரம்பிக்காமல், சத்தத்தை நான்காகப் பிரிக்கும் பெட்டியைச் செய்திருந்தாள். சிவப்புக் கோடு மைனஸ் பக்கத்தில் இருந்தது. பற்றவைப்பும் சுத்தம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினேன். நான்கு மூலைகளையும் பார்த்தேன். வட்டம் இல்லை.

"எப்படி மேடம் இருக்கு?" என்றாள்.

ஒன்றும் சொல்லாமல் அதை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.